தவறி வந்த பணம்

கடையில் சாமான் வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையைக் கையில் வாங்குகிறோம். ஒரு ரூபாய் குறைந்திருந்தால் நம் விரல்கள் உடனே அறிந்துகொள்கின்றன. படியிறங்குவதற்கு முன்பே திரும்பிச் சென்று கேட்டுவிடுகிறோம். பத்து ரூபாய் கூடுதலாக வந்திருந்தாலோ, எண்ணிப் பார்க்கும் வழக்கம் அன்று மட்டும் நமக்கு மறந்துபோகிறது. வீடு வந்து சேர்ந்த பின்னரே அது தெரியவருகிறது. அல்லது அப்போதுதான் தெரிந்ததாக நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். 'நாமா எடுத்தோம்? அவராகத்தானே கொடுத்தார்!' என்று உள்ளம் ஒரு சமாதானத்தைத் தேடிக்கொள்கிறது.

இந்தச் சமாதானம் செல்லுமா என்பதே நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்பும் கேள்வி. கேள்வி சிறியதுதான். ஆனால் கொடுப்பவர் கடைக்காரராக இல்லாமல் ஓர் அரசாகவும், வாங்குபவர் நோயைத் தீர்க்கும் மருத்துவராகவும், கைமாறும் தொகை கோடிக்கணக்காகவும் இருக்குமானால், இதே சிறிய கேள்வி ஒரு நாட்டின் நாணயத்தையே உரைத்துப் பார்க்கும் கல்லாகிவிடுகிறது. அமெரிக்க நாட்டில் அறுபது ஆண்டுகளாக இக்கேள்வி சட்டமன்றத்திலும் தணிக்கை அறையிலும் நீதிமன்றத்திலும் எழுப்பப்பட்டு வருகிறது. அவர்கள் கண்ட விடைகளிலும், காணத் தவறிய விடைகளிலும் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் கொடு, பிறகு பார்

1965ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள், குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், முன்னாள் தலைவர் ஹாரி ட்ரூமனின் சொந்த ஊராகிய இண்டிபெண்டன்ஸ் நகருக்குச் சென்று, அந்த முதியவரை அருகில் அமர்த்திக்கொண்டு ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். முதியோரின் மருத்துவச் செலவை அரசே ஏற்கும் 'மெடிகேர்' திட்டமும், வறியோருக்கான 'மெடிகெய்ட்' திட்டமும் அன்று பிறந்தன. மெடிகேரின் முதல் அட்டை ட்ரூமனுக்கே வழங்கப்பட்டது.

இத்திட்டம் நடைபெறும் முறையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். மருத்துவமனையோ மருத்துவரோ, தாம் செய்த பணியைக் குறித்து அரசுக்கு ஒரு கோரிக்கைச் சீட்டை அனுப்புகின்றனர். இத்தகைய சீட்டுகள் ஆண்டொன்றுக்கு நூறு கோடிக்கும் மேல் வந்து குவிகின்றன. ஒவ்வொன்றுக்கும் நோயாளியின் ஏட்டை வரவழைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் தருவது என்றால், எத்தனை ஆயிரம் எழுத்தர்கள் இருந்தாலும் போதமாட்டார்கள். குறையற்ற சீட்டுக்கு 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும் என்பது விதி. ஆகவே பெரும்பாலான சீட்டுகளுக்கு, எந்த மனிதக் கண்ணும் நோயாளியின் ஏட்டைக் காணாமலே பணம் போய்ச் சேருகிறது. முதலில் கொடுப்பது, பிறகு பார்ப்பது, தவறு தெரிந்தால் துரத்திச் சென்று மீட்பது என்பதே நடைமுறை.

இதனை அறியாமை என்று நாம் எளிதில் பழித்துவிடலாகாது. ஒவ்வொரு சீட்டையும் ஐயுற்று நோக்கும் அரசு, பாவம், மருத்துவமனையின் வாசலில் நிற்கும் நோயாளியையும் சேர்த்தே காத்திருக்க வைக்கும். ஆகவே அமெரிக்க அரசு நம்புவதைத் தேர்ந்துகொண்டது. நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலைதான் தவறிப் போகும் பணம்.

அந்த விலை எவ்வளவு? சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 1996ஆம் நிதியாண்டுக்கு முதன்முதலாக மெடிகேர் முழுமைக்கும் ஒரு மதிப்பீட்டைச் செய்தது. 2,320 கோடி டாலர், அதாவது கொடுத்த பணத்தில் ஏறத்தாழ 14 விழுக்காடு, கொடுத்திருக்கக் கூடாத முறையில் கொடுக்கப்பட்டதாகத் தெரியவந்தது. 2002இல் ஒவ்வோர் அரசுத் துறையும் ஆண்டுதோறும் தன் தவறான கொடுப்பை மதிப்பிட்டு வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்தது. 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையில், மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மெடிகேர் நேரடியாகத் தரும் பணத்தில் 7.66 விழுக்காடு, 3,170 கோடி டாலர், தவறான கொடுப்பாகக் கணக்கிடப்பட்டது.

இந்த எண்களைக் கேட்டதும், 'இத்தனையும் கொள்ளையா!' என்று வியக்கத் தோன்றும். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். தவறான கொடுப்பு வேறு, மோசடி வேறு. செய்யாத அறுவைக்குச் சீட்டு அனுப்புவது மோசடி. செய்த சிகிச்சைக்குரிய ஏட்டில் மருத்துவர் கையொப்பமிட மறந்ததும், தேவையான குறிப்பை எழுதாமல் விட்டதும், ஓர் எண்ணுக்குப் பதிலாக வேறோர் எண்ணை இட்டதும், வெளிநோயாளியாகப் பார்த்திருக்க வேண்டியவரைப் படுக்கையில் சேர்த்ததும் தவறான கொடுப்பு என்னும் அந்த ஒரே தொகைக்குள் வந்துவிடுகின்றன. தணிக்கையில் தெரியவரும் தவறுகளில் பெரும்பகுதி, ஏட்டில் போதிய சான்று இல்லாமையே என்று அரசே கூறுகிறது. அந்த நோயாளி நலமடைந்து வீடு திரும்பியிருக்கலாம். அவர் நலமடைந்த கதையைச் சொல்லும் தாள் மட்டும் இல்லாதிருக்கலாம்.

கொடுத்தவர் குறையும் வாங்கியவர் உரிமையும்

இனி நம் கேள்விக்கு வருவோம். கொடுத்தவரே தவறிக் கொடுத்துவிட்ட பணம் யாருக்கு உரியது?

பழைய ரோமானியச் சட்டமே இதற்கு விடை சொல்லியிருக்கிறது. கடன்படாத ஒன்றைக் கடன் என்று தவறாகக் கருதிக் கொடுத்தவர் அதனைத் திரும்பப் பெறலாம் என்பது அச்சட்டத்தின் கொள்கை. ஆயினும் அறிவின் வழக்கைவிட இதயத்தின் வழக்கு கடினமானது. அதனைக் காட்ட, 1841இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கைக் கூறலாம்.

ஒருவர் ஆயுள் காப்புறுதி எடுத்திருந்தார். இறப்பதற்கு முன் செலுத்த வேண்டிய தவணையைச் செலுத்தவில்லை; காப்புறுதி காலாவதியாகிவிட்டது. நிறுவனத்தின் இயக்குநர்களுக்கு அது முன்பே சொல்லப்பட்டிருந்தும் மறந்துபோய், அவருடைய கைம்பெண்ணுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். பிறகு நினைவு வந்து திருப்பிக் கேட்டார்கள். அந்தப் பெண்மணி எந்தச் சூதும் செய்யவில்லை. கவனக்குறைவு முழுவதும் கொடுத்தவர்களுடையது. நம் நெஞ்சம் யார் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீதிபதிகள் நெஞ்சைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, உண்மை நிலையை மறந்து தவறிக் கொடுத்த பணம், கொடுத்தவர் எவ்வளவு கவனமற்றவராக இருந்தாலும், மீட்கத்தக்கதே என்றனர்.

இத்தீர்ப்பு கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அதனுள் ஓர் உண்மை இருக்கிறது. உரிமை என்பது ஏதேனும் ஒரு காரணத்திலிருந்து பிறக்க வேண்டும்: உழைப்பு, விலை, நன்கொடை, வாரிசு. பிறருடைய மறதியிலிருந்து உரிமை பிறக்குமா? கதவைத் தாழிட மறந்தவன் வீட்டில் நுழைபவனுக்கு அந்த மறதி ஓர் அனுமதிச் சீட்டாகுமா? கொடுத்தவரின் குறை கொடுத்தவரையே சாரும். வாங்கியவருக்கு அது ஒரு முதலாகாது.

நம்முள் 'அமானிதம்' என்றொரு சொல் வழங்குகிறது. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை அது குறிக்கும். தவறி வந்த பணத்தை நாம் எவ்வாறு நோக்க வேண்டும் என்பதற்கு அச்சொல்லைவிடப் பொருத்தமான சொல் நமக்குத் தோன்றவில்லை. யாரும் அறிந்து ஒப்படைக்காமலே நம் கைக்கு வந்துவிட்ட அமானிதம் அது. ஒப்படைத்தவருக்கே தெரியாது என்பதால் அதன் பொறுப்பு குறைவதில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் பொறுப்பு நம் ஒருவர்மேலேயே வந்து நிற்கிறது.

'அரசாங்கத்தின் பணந்தானே, யாருக்கு நட்டம்?' என்று கேட்பவரும் உண்டு. மெடிகேரின் மருத்துவமனைச் செலவுக்குரிய நிதி எங்கிருந்து வருகிறது? உழைப்பவர் ஒவ்வொருவருடைய சம்பளத்திலிருந்தும் 1.45 விழுக்காடு, அவரை வேலைக்கு வைத்திருப்பவரிடமிருந்து அதே அளவு. தட்டுக் கழுவும் பெண்ணும் சுமை தூக்கும் தொழிலாளியும், முப்பது ஆண்டுகள் கழித்துத் தமக்கு வரப்போகும் முதுமையை எண்ணி இன்று கொடுக்கும் காசு அது. அந்த நிதிக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயரிலேயே 'நம்பிக்கை' என்னும் பொருளுடைய சொல் இருக்கிறது. ஆகவே யாருடையதும் இல்லாத பணம் என்று எதுவும் இல்லை.

அறிதல் என்பது எப்போது?

திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். எப்போது கொடுக்க வேண்டும்? தெரிந்தவுடன். சரி, 'தெரிதல்' என்பது எப்போது நிகழ்கிறது? இங்கேதான் மனித உள்ளத்தின் மறைவான அறைகளுக்குள் நாம் நுழைகிறோம்.

2010இல் வந்த அமெரிக்கச் சுகாதாரச் சட்டம், அதிகமாகப் பெற்ற பணத்தைக் கண்டறிந்த 60 நாட்களுக்குள் அறிவித்துத் திருப்பித் தர வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு தராமல் வைத்துக்கொண்டால், 1863இல் உள்நாட்டுப் போரின்போது படைக்குப் பொருள் வழங்கிய குத்தகைக்காரர்களின் மோசடியை ஒடுக்க இயற்றப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்கீழ் அது குற்றமாகும். அச்சட்டப்படி இன்று இழப்பீடு மூன்று மடங்கு. தவறி வந்த பணம், அறிந்தும் வைத்துக்கொள்ளப்படும்போது, மோசடியின் வரிசையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இவ்விதி ஓர் உண்மை நிகழ்ச்சியில் உரைத்துப் பார்க்கப்பட்டது. நியூயார்க் நகரில், ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கணிப்பொறிப் பிழையால் சில மருத்துவமனைகள் மெடிகெய்ட் நிதியிலிருந்து பெறக்கூடாத பணத்தைப் பெற்றுவிட்டன. 2010இல் மாநிலத் தணிக்கை அதிகாரி சில சீட்டுகளைச் சுட்டிக்காட்டினார். மருத்துவமனைகளின் நிர்வாகம் தன் ஊழியர் ஒருவரிடம் ஆராயும் பணியை ஒப்படைத்தது. அவர் 2011 பிப்ரவரியில் 900க்கும் மேற்பட்ட சீட்டுகளைப் பட்டியலிட்டு, இவற்றில் தவறு இருக்கக்கூடும், மேலும் ஆராய வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். மொத்தத் தொகை 10 லட்சம் டாலருக்கும் மேல். நான்காம் நாள் அவர் வேலையை இழந்தார். பணம் திரும்பிச் சேர்ந்ததோ சிறிது சிறிதாக, 2013 வரையில்.

வழக்கு வந்தபோது, 'அந்தப் பட்டியல் வெறும் ஐயமே. அதில் ஏறத்தாழ பாதிச் சீட்டுகள் சரியானவை என்று பின்னர் தெரிந்தது. ஐயத்தைக் கண்டறிதல் என்று சொல்லலாமா?' என்பது மருத்துவமனைகளின் வாதம். சொல்லளவில் அதில் நியாயமும் உண்டு. ஆனால் 2015இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தவறு இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வந்த அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது என்றது. இல்லையேல், ஆராயாமல் இருப்பவருக்கே ஆதாயம். அறியாதிருக்க விரும்புகிறவர் என்றைக்கும் அறியாமலே இருந்துவிடலாம். அடுத்த ஆண்டு வழக்கு 29.5 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது.

அறியாமை இருவகைப்படும் என்பதை இந்த நிகழ்ச்சி நமக்கு நினைவூட்டுகிறது. ஒன்று, இருளில் நிற்பவனின் அறியாமை. மற்றொன்று, விளக்கு கையிலிருந்தும் ஏற்ற மறுப்பவனின் அறியாமை. முன்னதற்கு மன்னிப்பு உண்டு. பின்னது அறிவின் மறுபெயரே. எங்கே பார்க்கக் கூடாது என்பதை அவன் நன்கு அறிந்திருக்கிறான்; பார்த்தால் என்ன தெரியும் என்பதை ஓரளவு உணர்ந்திருப்பதால்தானே பார்க்க மறுக்கிறான்!

மெடிகேர் விதிகளில் 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து வந்துள்ள மாற்றம் இந்த இடத்தை மேலும் துல்லியமாக வரையறுக்கிறது. உண்மையில் அறிந்திருத்தல், வேண்டுமென்றே அறியாதிருத்தல், விளைவைப் பொருட்படுத்தாது புறக்கணித்தல் ஆகிய மூன்றும் அறிதலாகவே கொள்ளப்படும். அதே வேளையில், நல்லெண்ணத்துடன் உரிய காலத்தில் ஆராய முற்படுபவருக்கு, அந்த ஆராய்ச்சி நடைபெறும்வரை, 180 நாட்கள் வரையில் கெடு நிறுத்தி வைக்கப்படும். கண்ணை மூடிக்கொள்பவருக்குத் தண்டனை. கண்ணைத் திறந்து தேடுபவருக்கு அவகாசம். சட்டமும் மனச்சான்றும் ஒன்றையொன்று நெருங்கி வரும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று என்று நாம் கருதுகிறோம்.

காவலனின் விரல்கள்

இதுவரை வாங்கியவரின் கடமையைப் பேசினோம். இத்துடன் நிறுத்திவிட்டால் நீதியின் ஒரு தட்டை மட்டுமே நிறுத்தவர்களாவோம். காவல் புரியும் அரசுக்கும் கடமை உண்டு.

தவறிச் சென்ற பணத்தைத் தேடிப் பிடிக்க, 2005 முதல் 2008 வரை கலிபோர்னியா, புளோரிடா, நியூயார்க் ஆகிய மாநிலங்களில் தொடங்கி ஒரு சோதனைத் திட்டம் நடந்தது. தனியார் தணிக்கையாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. கண்டுபிடிக்கும் தொகையில் ஒரு பங்கே கூலி. 103 கோடி டாலர் அளவுக்குத் தவறுகள் திருத்தப்பட்டன. அதில் 96 விழுக்காடு மருத்துவமனைகளிடமிருந்தும் மருத்துவர்களிடமிருந்தும் மீட்கப்பட்டது. குறைவாகக் கொடுக்கப்பட்டிருந்ததாகக் கண்டு அவர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது 4 விழுக்காடு. பிழைகளின் இயல்பே அப்படி இருக்கலாம். தேடிய கண்களின் இயல்பும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, கடைவாசலில் நின்ற நம் விரல்களே நமக்கு நினைவுக்கு வருகின்றன. குறைந்ததை எண்ணும் விரல், கூடியதை எண்ணாத விரல்!

பிடித்ததில் பங்கு என்பது பழங்காலத்து வரிக் குத்தகை முறையை நினைவூட்டுவது. அக்குறையை அமெரிக்கர்களும் உணர்ந்தார்கள். திட்டம் நாடு முழுவதற்கும் நிலையாக்கப்பட்டபோது, மேல்முறையீட்டின் எந்தப் படியில் தணிக்கையாளர் தோற்றாலும் பெற்ற பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்று விதித்தார்கள். தவறாகப் பெற்றதைத் திருப்பித் தரும் கடமை, அதனைத் தேடிச் சென்றவருக்கும் உண்டு என்பது எவ்வளவு பொருத்தமான நீதி!

ஆனால் மேல்முறையீட்டின் கதவு திறந்திருந்ததா? மூன்றாம் படியில் நிர்வாக நீதிபதி 90 நாட்களுக்குள் தீர்ப்பளிக்க வேண்டும் என்பது சட்டம். முறையீடுகள் வெள்ளமெனப் பெருகின. மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2014இல் அரசு மருத்துவமனைகளை நோக்கி, வழக்கைக் கைவிட்டால், படுக்கையில் சேர்த்தது சரியா என்ற தகராறில் இருந்த தொகையில் 68 விழுக்காட்டைத் தருவதாகச் சொன்னது. நியாயம் யார் பக்கம் என்று ஆராயாமல் பேரம் பேசி முடிப்பது நிர்வாகத்துக்கு வசதியாக இருக்கலாம். நீதிக்கு அது ஒரு தோல்வியே. 2018இல் தேங்கி நின்ற முறையீடுகள் நான்கு லட்சத்துக்கும் மேல். அவற்றை 2022ஆம் நிதியாண்டு முடிவதற்குள் தீர்க்குமாறு நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. அதன் பின்னரே அந்தக் குவியல் பெருமளவு கரைந்தது.

காத்திருந்த காலத்தில் என்ன நடந்தது? முதலிரண்டு படிகள் முடிந்துவிட்டால், மூன்றாம் படியில் முறையீடு கிடப்பில் இருந்தாலும், அரசு தன் பணத்தைப் பிடித்தம் செய்யத் தொடங்கலாம். டெக்சாஸ் மாநிலத்தில், நோயாளிகளின் இல்லங்களுக்குச் சென்று பணிபுரிந்த ஒரு சிறு நிறுவனத்துக்கு அது நேர்ந்தது. அதன் 43 சீட்டுகளை மட்டும் எடுத்துப் பார்த்த தணிக்கையாளர், அவற்றில் கண்ட பிழையை அனைத்துச் சீட்டுகளுக்கும் பெருக்கி, 75 லட்சம் டாலருக்கும் மேல் கடன் என்று கணக்கிட்டார். விசாரணை நடப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும், பிடித்தமோ உடனே. விசாரணைக்கு முன்பே நிறுவனம் மூடப்பட்டுவிடும் நிலை. 2018இல் மேல்நீதிமன்றம் அதன் முறையீட்டைக் கேட்க இடமுண்டு என்ற பின்னரே பிடித்தம் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறைக்கு ஏற்ற விதி. கோடிக்கணக்கான சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க இயலாதபோது மாதிரியைக் கொண்டு அளப்பதில் தவறில்லை. ஆனால் சோறு வேகவில்லை என்றால் இன்னும் சற்று வேக வைக்கலாம். ஒரு நிறுவனத்தை அழித்த பின் உயிர்ப்பிக்க முடியாது. பெருக்கும் கணக்கு எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அவ்வளவு வேகமாக விசாரணையும் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அரசே, தனக்கு உரியதா என்று தெரியாத பணத்தைக் கையில் வைத்திருக்கும் ஒருவராகிவிடுகிறது. மருத்துவருக்கு 60 நாள் கெடு வைத்தவர், தம் 90 நாள் கெடுவை ஆண்டுகளாக நீட்டலாமா?

இரக்கத்துக்கும் சட்டத்தில் இடமில்லாமல் போகவில்லை. குற்றமற்ற முறையில் பெற்றுக்கொண்டவர், பெற்று ஐந்தாண்டுகள் கழிந்த பின், மாறான சான்று இல்லாதவரை, தவறற்றவராகவே கருதப்படுவார் என்று ஒரு விதி உண்டு. பணம் தரத்தக்கதன்று என்பதை அறியாதவரும், அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க நியாயமில்லாதவருமான ஒருவரை அதன் சுமையிலிருந்து விடுவிக்கும் விதியும் உண்டு. 1841இல் அந்தக் கைம்பெண்ணுக்குக் கிட்டாத ஆறுதலில் ஒரு பகுதி, பின்வந்த சட்டங்களில் இடம்பெற்றிருக்கிறது.

முடிவாக

அச்சத்தினால் மட்டும் நாணயம் வளர்ந்துவிடாது. தணிக்கைக்கு அஞ்சும் மருத்துவர், நோயாளியின் முகத்தைவிடத் தம் ஏட்டையே அதிகம் பார்க்கத் தொடங்கலாம். ஐயத்துக்கு இடம் தரும் நோயாளியைத் தவிர்த்துவிடவும் கூடும். தணிக்கையே இல்லையென்றாலோ, நாணயமானவர் ஏமாளியாகவும் நாணயமற்றவர் சாமர்த்தியசாலியாகவும் எண்ணப்படும் நாள் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே செல்லும் வழி ஒன்றே என்று நாம் கருதுகிறோம். வாங்குபவர் தமக்குக் கூடுதலாக வந்ததைத் தாமே தேட வேண்டும். கொடுப்பவர் தாம் குறைத்துக் கொடுத்ததைத் தாமே தேட வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குப் பாதகமான பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் கணக்கு நடுவில் வந்து சந்திக்கும்.

அந்த மருத்துவமனை ஊழியர் அதைத்தான் செய்தார். தம்மை அமர்த்தியவர்களுக்குப் பாதகமான பட்டியலை அவர் தயாரித்தார். அதில் பாதி பிழையாகவே இருந்தது. ஆனாலும் எண்ணத் தொடங்கிய கை அவருடையது.

கடைக்காரர் கொடுத்த அந்தப் பத்து ரூபாய் இன்னும் நம் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அவர் கேட்கமாட்டார், அவருக்குத் தெரியாது. நாளை காலையில் அந்தத் தெரு வழியாகத்தான் நாம் போகப் போகிறோம்.